முட்டை அட்டையில் முளைத்த கேரட்

1

இந்தக் கதை எனக்குள் எங்கிருந்தோ ஊறி வந்தது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். உண்மையில் அது போனில் வந்தது.

"சுற்றுச்சூழல் சிறப்பிதழ் போடறோம் சார். மண்ணுல மக்கற தொட்டியில கிழங்குக் காய்கறி நாத்து விடறதைப் பத்தி ஒரு கதை வேணும். கேரட், பீட்ரூட், முள்ளங்கி, எதுவா இருந்தாலும் சரி. மனசைத் தொடற மாதிரி இருக்கணும்" என்றார் ஆசிரியர்.

பல வருடங்களாக எழுதுகிறேன். மனித மனத்தின் ஆழங்களைப் பற்றி யாரும் என்னிடம் கதை கேட்டதில்லை. நானாகவே எழுதி நானாகவே அனுப்புவேன், அவர்களாகவே திருப்பி அனுப்புவார்கள். முள்ளங்கிக்குத்தான் முதல்முறையாக ஒருவர் தேடிவந்து கேட்கிறார். "பிரமாதமா செஞ்சிடலாம்" என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகுதான் ஞாபகம் வந்தது. அந்தச் சிறப்பிதழ் பளபளவென்று பிளாஸ்டிக் உறைக்குள்தான் கடைக்கு வரும்.*

(* உறைக்குள் ஒரு பாக்கெட் கீரை விதை இலவசமாம். அந்தப் பாக்கெட்டும் பிளாஸ்டிக்தான்.)

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். எனக்குக் கற்பனை கிடையாது. ஆசிரியர் கேட்டவுடன் ஞாபகத்துக்கு வந்தது என் சித்தப்பா மகள் ரஞ்சிதா. நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் போகும் சாலையில் ஒரு கிராமத்தில் அவள் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். அவள் வளர்க்கும் கேரட் செடிகளைப் பற்றி எனக்கு ஒரு விஷயம் தெரியும், அவளுக்குத் தெரியாது. தெரிந்தால் செடிகளைக் காப்பாற்றிவிடுவாள். ஆனால் அதை எனக்குச் சொன்னவர் அவள் புருஷன். வெளியே சொல்லவே கூடாது என்று என் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டார். நான் கதை எழுதுகிறவன் என்று தெரிந்தும் என்ன தைரியத்தில் சொன்னாரோ தெரியவில்லை.

2

தொடக்கம் ஒன்று: "ஒரு விதைக்குள் ஒரு காடு உறங்கிக்கொண்டிருந்தது." 

(அடித்துவிட்டேன். கேரட் விதைக்குள் கேரட்தான் உறங்கும்.)

தொடக்கம் இரண்டு: "நாமக்கல் கோட்டைப் பாறையின் மேல் காலை வெயில் மெல்ல..."

(நாமக்கல் என்று எழுத ஆரம்பித்தாலே பாறை வந்து காகிதத்தின் மேல் உட்கார்ந்துகொள்கிறது. இந்தக் கதைக்கும் பாறைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. வேண்டாம்.)

தொடக்கம் மூன்று: "தலைவிரிகோலமாக மாடிப்படியில் அமர்ந்திருந்த ரஞ்சிதாவின் விழியோரம் ஒரு துளி..."

(மனதைத் தொட வேண்டும் என்று ஆசிரியர் கேட்டதற்காக எழுதியது. கொஞ்ச நேரம் இருக்கட்டும்.)

தொடக்கம் நான்கு: "ரஞ்சிதா முட்டை அட்டைகளைத் தண்ணீரில் ஊறப்போட்டாள்."

இதில் பொய் இல்லை. இதையே வைத்துக்கொள்கிறேன். இந்த ஒரு வரிக்கு வந்து சேர எனக்கு ஐப்பசி மாதத்தில் பாதி போய்விட்டது. அந்தப் பாதி மாதத்தில் அங்கே மண்ணுக்குள் என்ன நடந்துகொண்டிருந்தது என்று பின்னால் வருகிறது.

3

ரஞ்சிதாவின் வீட்டுக்குப் பின்னால், கிணற்றை ஒட்டி, ஒரு துண்டு நிலம் இருக்கிறது. கால் ஏக்கர்கூட வராது. மாமியார் மாரக்காளின் பெயரில் உள்ளது. மூத்த மகன் அர்த்தநாரி ஏற்கெனவே கோழிப்பண்ணை நடத்துகிறார். இன்னொரு ஷெட் போட அந்தத் துண்டுதான் தோது என்று ஆனி மாதத்தில் ஒரு நாள் வந்து உட்கார்ந்தார்.

கோழி ஷெட் என்றால் உங்களுக்கு ஆம்லெட் ஞாபகம் வரலாம். பின்வாசலை ஒட்டி ஷெட் வந்தால் என்னென்ன கூட வரும் என்று ரஞ்சிதாவுக்குத் தெரியும். நாற்றம் வரும், சோற்றுத் தட்டுக்கு ஈ வரும், விடிந்ததும் முட்டை பொறுக்கும் வேலை வரும். யார் பொறுக்குவது என்று அன்றைக்கு யாரும் பேசவில்லை. பேசாததனாலேயே அது யார் என்பது முடிவாகிவிட்டது.

"அந்த எடத்தை எனக்கு உடுங்க அத்தை. நான் காய் போடறேன்" என்றாள் ரஞ்சிதா.

"என்ன காயி சாமி போடுவே?" என்றார் மாரக்காள்.

"கேரட்டுங்க அத்தை."

அர்த்தநாரி சிரித்ததில் காப்பி மூக்கில் ஏறிவிட்டது. "இங்க மனுசனே வெந்து போறான், கேரட்டு வருமாமா! அது குளுர் தேசத்துப் பண்டமம்மிணி."

"கெழங்குதான் வேணும்னா குச்சிக்கெழங்கு இருக்குதுல்ல?" என்று மரவள்ளியைச் சொன்னார் மாரக்காள். "குச்சிய ஒடிச்சுச் சொருகினா அதும்பாட்டுக்கு வந்துட்டுப் போகுது. அதுக்கு நாத்தும் வேண்டாம், நாயமும் வேண்டாம்."

ஏன் கேரட் என்று நானும் பிறகு ரஞ்சிதாவிடம் கேட்டேன். சந்தை நிலவரம், மண் வளம் என்று ஏதாவது சொல்வாள், கதையில் போட்டுக்கொள்ளலாம் என்று எதிர்பார்த்தேன். "வாயில வந்துருச்சுங்ண்ணா. அவரு சிரிச்சதுக்கப்பறம் மாத்துனா தோத்த மாதிரி ஆயிருமல்ல" என்றாள். இப்படிப்பட்ட காரணங்களால்தான் மனிதர்கள் பெரிய முடிவுகளை எடுக்கிறார்கள். விமர்சகர்கள் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

கடைசியில் மாரக்காள் தீர்ப்புச் சொன்னார். "தைப் பொங்கலுக்குள்ள ஒரு கூடை கேரட்டு எடுத்துக் காட்டு. நேரா, சந்தையில வெக்கற மாதிரி இருக்கோணும். காட்டிப்புட்டா எடம் உன்னுது. இல்லாட்டிப் பெரியவன் ஷெட்டுப் போட்டுக்கட்டும்."

இந்தப் பேச்சு நடக்கும்போது ரஞ்சிதாவின் புருஷன் சின்னராஜும் அங்கேதான் இருந்தார். நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை ஒன்றில் அவர் பெயின்டர். நகத்தில் காய்ந்திருந்த சிவப்புப் பெயின்ட்டைச் சுரண்டிக்கொண்டிருந்தார். கடைசிவரை வாயைத் திறக்கவில்லை.

"எடம் போனாக்கூட ஆத்திக்குவேனுங்ண்ணா. அவரு ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்" என்று ரஞ்சிதா என்னிடம் சொன்னாள். அதைச் சொல்லும்போது அவள் குரல் சரியாக இல்லை.

4

கேரட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். (கதைக்குள் தகவல் சொல்லக்கூடாது என்பார்கள். சொல்லாவிட்டால் உங்களுக்குப் புரியாது. புரியாமல் எழுதுவதற்கென்று தனியாகப் பத்திரிகைகள் இருக்கின்றன, அங்கேயும் அனுப்பிப் பார்த்திருக்கிறேன்.)

கேரட் விதை முளைத்ததும் ஒரே ஒரு வேரை நேராகக் கீழே அனுப்பும். பிற்பாடு கிழங்காகப் பருப்பது அந்த வேர்தான். அது எதிலாவது முட்டினால் வளைந்துவிடும், அல்லது இரண்டு காலாகப் பிரிந்துவிடும். நாற்றைப் பிடுங்கி வேறிடத்தில் நட்டாலும் அதே கதிதான். அதனால் கேரட்டை நாற்று விடக்கூடாது, நேராக நிலத்தில் விதைக்க வேண்டும் என்பார்கள். ரஞ்சிதாவும் ஆவணியில் அப்படித்தான் விதைத்தாள். முளைத்ததெல்லாம் மத்தியான வெயிலில் கருகிப்போனது.

அவள் ஒரு மாடித்தோட்ட வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறாள். அங்கே யாரோ வழி சொன்னார்கள். மக்கும் தொட்டியில் விதையைப் போட்டு நிழலில் வளர்த்து, வெயில் தணிந்த பிறகு தொட்டியோடு நிலத்தில் புதைத்துவிட வேண்டும். தொட்டி மண்ணோடு மண்ணாகிவிடும், வேருக்கு இடம் மாறியதே தெரியாது. யோசனை நல்ல யோசனை. அந்தக் குழுவில் வரும் நல்ல யோசனைகளை எல்லாம் செய்து பார்க்கிற ஒரே ஆள் ரஞ்சிதாதான். மற்றவர்கள் பூப்படம் போட்டுக் காலை வணக்கம் சொல்வதோடு சரி.

நாமக்கல்லில் தண்ணீருக்குப் பஞ்சம் வரலாம், முட்டை அட்டைக்கு வராது. ரஞ்சிதா முட்டை அட்டைகளைத் தண்ணீரில் ஊறப்போட்டாள். (பார்த்தீர்களா, தொடக்கம் இங்கே வந்து உட்கார்ந்துகொண்டது.) கூழாக்கி, டம்ளரைச் சுற்றி அப்பி, மாடியில் காயவைத்து, வரிசை வரிசையாகத் தொட்டிகள் செய்தாள். மண் நிரப்பி விதை போட்டுத் தண்ணீர் தெளித்தாள். அன்று பொழுது சாய்வதற்குள் தொட்டிகள் சாம்பாரில் விழுந்த அப்பளமாகிவிட்டன. புதைத்த பிறகு மக்க வேண்டியவை, புதைப்பதற்கு முன்பே மக்கிவிட்டன. அவள் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதாள்.

மறுபடி ஊறப்போட்டாள். இந்த முறை மைதாப் பசை கலந்து இரண்டாம் தடவைத் தொட்டிகளைச் செய்து காயவைத்துவிட்டு, ராசிபுரத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டுச் சீருக்குப் போனாள். திரும்பி வந்து விதை போட்டுத் தண்ணீர் ஊற்றினாள். தொட்டிகள் அசையவில்லை. ஒன்றுகூடக் கரையவில்லை. "மைதாப் பசைதாங்க ரகசியம்" என்று குழுவில் வீடியோ போட்டாள். கைதட்டல் படங்களாகக் கொட்டின. நாற்றுகள் அழகாக எழுந்து நின்றன. ஐப்பசி மழை தொடங்கியதும் தொட்டியோடு கொண்டுபோய் நிலத்தில் புதைத்தாள்.

5

தொட்டிகளைப் புதைத்த சில நாட்களில் சின்னராஜ் பெயின்ட் வாங்க, நான் இருக்கும் சேலத்துக்கு வந்தார். புது பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துப் பேக்கரியில் என்னைச் சந்தித்தார். இந்த நேரத்தில் அவர் முகத்தில் ஓடிய உணர்ச்சிகளை நான் வருணிக்க வேண்டும். தேங்காய் பன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், உணர்ச்சி எதுவும் தெரியவில்லை.

"மச்சான், ஒரு காரியம் பண்ணிப்போட்டேன். அவகிட்டச் சொல்லிப்போடாதீங்க."

"என்ன மாப்ள?"

"அவ ராசிபுரத்துக்கு ஒறம்பரை ஊட்டுச் சீருக்குப் போயிருந்தால்ல. தொட்டியெல்லாம் மாடியில காஞ்சுட்டு இருந்துச்சு. மானம் வேற மூடிக்கிட்டு வந்துச்சு. மறுக்காவும் கரைஞ்சு போனா அவ தாங்குவாளான்னு எனக்கு ஒரே வெசனமாப் போச்சுங்க."

"அதனால?"

"அத்தனையும் பட்டறைக்குக் கொண்டுபோயி, உள்ளயும் வெளியயும் வார்னிஷ் அடிச்சுப்புட்டேன். நல்ல சரக்குங்க. அசாம் போற வண்டிக்கு அடிக்கறது. மழைக்கும் அசையாது, வெயிலுக்கும் அசையாது."

நான் டீயைக் கீழே வைத்தேன். "மாப்ள, அது மக்கோணும். மண்ணுக்குள்ள போயி மக்கிப் போறதுக்குத்தான் அந்தத் தொட்டியே."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "செஞ்ச பொருளு எதுக்குங்க மக்கோணும்?"

இதற்கு நான் சுற்றுச்சூழல் பற்றி விளக்கம் கொடுத்தேன். பன் தீரும்வரை கேட்டார். பிறகு, "வேருக்குப் பலம் இருக்குதுங்க மச்சான். ஆலமரத்து வேரு செவுத்தவே பொளக்குது. வார்னிஷப் பொளக்காதுங்களா?" என்றார்.

"அது ஆலமரம். இது கேரட்."

"எல்லாம் வேருதானுங்க."

அடியில் ரஞ்சிதா ஆணியால் போட்ட துளை ஒன்று இருக்கிறது, தண்ணீர் வடியும், செடி சாகாது. அதுவரை சரி. ஆனால் வேர் அடியில் முட்டி வளைந்துகொள்ளும். தை மாதம் பிடுங்கினால் மாரக்காள் கேட்ட நேரான கேரட் வராது. இதையெல்லாம் சொன்னேன். அவர் நம்பவில்லை.

"அப்பறம் ஏன் ரஞ்சிதாகிட்டச் சொல்லக்கூடாதுங்கறீங்க?"

"தான் செஞ்சது நின்னுபோச்சுன்னு சந்தோசமா இருக்கறா. நான் அடிச்சேன்னு தெரிஞ்சா அந்தப் பெருமை போயிருமுங்க." சட்டையில் விழுந்திருந்த பன் தூளைத் தட்டிவிட்டார். "ஒண்ணுல மட்டும் ஓரத்துல சின்னதா ஒரு பூவுப் போட்டேன். கை நிக்கல."

"பூவா? அதைப் பார்த்தா அவளுக்குத் தெரியாதா?"

"அட்டையிலயே அச்சடிச்ச பூவுன்னு நெனைச்சுக்குவாங்க."

நான் அதை நம்பினேன். கதைகளில் மனித மனத்தின் ஆழங்களை அளப்பவன் நான் என்பதை இந்த இடத்தில் ஒருமுறை நினைவூட்டுகிறேன்.

6

இந்தச் சின்னராஜ் எனக்குச் சரிவரவில்லை. ஒரு பாத்திரம் என்றால் ஒரு குணம் வேண்டும். மனைவிக்காக அண்ணன் முன்னால் வாய் திறக்காத ஆள், அவள் அழுததற்காகத் தொட்டி தொட்டியாக வார்னிஷ் அடிப்பாரா? ஆசிரியர் நிச்சயம் கேட்பார். ஒன்று அவரைக் கோழையாக்க வேண்டும், இல்லையென்றால் நல்லவராக்க வேண்டும். இரண்டையும் எழுதிப் பார்த்தேன். கோழையாக எழுதினால் பூவை என்ன செய்வது என்று தெரியவில்லை. நல்லவராக எழுதினால் ஆனி மாதத்து மௌனத்தை என்ன செய்வது என்று

(இந்த வாக்கியத்தை முடிக்கத் தெரியவில்லை. விட்டுவிட்டேன்.)

7

அதனால் முடிவுகளுக்குப் போனேன். பாத்திரம் வராதபோது முடிவுக்குத் தாவுவது தொழிலில் உள்ளதுதான்.

முதல் முடிவு, இலக்கியத்துக்கானது: தை பிறக்கிறது. ரஞ்சிதா பிடுங்குகிறாள். ஒவ்வொரு கேரட்டும் தொட்டிக்குள் சுருண்டு, முறுக்கிக்கொண்டு, இரண்டு காலும் மூன்று காலுமாக வருகிறது. அர்த்தநாரி சிரிக்கிறார். கடைசி வரியில் தூரத்தில் ஒரு கோழி கூவுகிறது. (பண்ணையில் இருப்பதெல்லாம் முட்டைக் கோழிகள். கூவாது. ஆனாலும் இலக்கியத்தில் கூவும்.)

அடுத்தது சிறப்பிதழுக்கான முடிவு: வார்னிஷைத் தாண்டி வேர் எப்படியோ வெளியே வந்து, கேரட்டுகள் நேராக விளைந்து, ஒரு பெரிய அதிகாரி வந்து ரஞ்சிதாவுக்குச் சால்வை போர்த்துகிறார். சால்வை பிளாஸ்டிக் கவரோடு வருகிறது. எல்லாரும் பூமியைக் காப்பாற்றுவோம் என்று கைதட்டுகிறார்கள்.

டி.வி. தொடருக்கும் ஒன்று கைவசம் இருக்கிறது: கோணல் கேரட்டைக் கையில் எடுத்துப் பார்த்து மாரக்காள் கண் கலங்கி, "எனக்குக் கேரட்டு முக்கியமில்ல சாமி, நீதான் முக்கியம்" என்று மருமகளைக் கட்டிக்கொள்கிறார். மாரக்காள் அழுது நான் பார்த்ததில்லை. டி.வி. தொடர் பார்க்கும்போதுகூட அழ மாட்டார். அவர்களுக்கு வேலை வெட்டி இல்லையா என்றுதான் கேட்பார்.

மூன்றையும் ஆசிரியருக்குப் போனில் படித்துக் காட்டினேன். அவருக்கு இரண்டாவது பிடித்திருந்தது.

8

ஒன்றைக் கவனித்தீர்களா? மூன்று முடிவுகளிலும் நான் ரஞ்சிதாவிடம் உண்மையைச் சொல்லவே இல்லை. தொடக்கம் நான்கு எழுதினேன், முடிவு மூன்று எழுதினேன், ஒரு பாத்திரத்தைச் சந்தேகித்தேன், கார்த்திகை பிறந்துவிட்டது. இவ்வளவு நாளும் அங்கே வேர் இறங்கிக்கொண்டிருந்தது. இப்போது சொன்னால்கூட மண்ணைத் தோண்டித் தொட்டிகளைக் கீறிவிடலாம். இன்னும் தள்ளிப்போட்டால் கீறியும் பயனில்லை. அவளுடைய பின்வாசலில் ஷெட் வருவதற்கு அர்த்தநாரியைவிட என் உரைநடையழகுதான் அதிகம் உழைத்திருக்கிறது.

நாமக்கல் பஸ்ஸில் ஏறினேன். சின்னராஜுக்குக் கொடுத்த வாக்கு என்னாவது என்று வழியெல்லாம் யோசித்தேன். நேரில் சொல்ல வாய் வராது, எழுதியதைப் படிக்கக் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். சொல்லவில்லை, எழுதினேன் என்று ஆகும். எழுத்தாளனுக்கு இப்படி ஒரு வசதி இருக்கிறது.

9

நிலத்தின் ஓரத்தில் அர்த்தநாரி கல்தூண்களைக் கொண்டுவந்து அடுக்கி வைத்திருந்தார். ஷெட்டுக்குத்தான். தை பிறக்கட்டும் என்று அவை தயாராகப் படுத்திருந்தன.

ரஞ்சிதா களை எடுத்துக்கொண்டிருந்தாள். பாத்தி முழுக்கக் கேரட் தழை பச்சையாக நின்றது. ஒவ்வொரு செடியைச் சுற்றியும் தொட்டியின் விளிம்பு மண்ணுக்கு மேலே கொஞ்சம் தெரிந்தது. கார்த்திகை வெயிலில் வார்னிஷ் மினுமினுத்தது. மக்குவதற்கென்றே செய்த பொருள், அழியாமல் நின்றது.

"ஏனுங்ண்ணா, சொல்லாமக் கொள்ளாம வந்திருக்கறீங்க? ஊட்டுல அண்ணி நல்லாயிருக்காங்களா?"

"நல்லா இருக்கா. உன்னை வெச்சு ஒரு கதை எழுதியிருக்கேன். படிச்சுப் பாரு" என்று போனை நீட்டினேன்.

மண் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு கிணற்றுமேட்டில் உட்கார்ந்து படித்தாள். நான் சிரிக்க எழுதிய இடங்களில் சிரிக்கவில்லை. "நான் எப்பங்ண்ணா தலைய விரிச்சுப்போட்டு உக்காந்தேன்? தூக்கிக் கொண்டைதான் போட்டிருந்தேன்" என்றாள். மாமியார் பேசும் இடத்தில், "அத்தை பேச்சு அப்பிடியே இருக்குதுங்க" என்றாள். பிறகு ஐந்தாம் பகுதிக்கு வந்தாள். பேக்கரி. வார்னிஷ். பூ. நான் கல்தூண்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்து பாத்திக்குள் போனாள். ஒரு செடியின் பக்கத்தில் குத்துக்காலிட்டு, விரலால் சுற்றிலும் மண்ணைத் தள்ளினாள். தொட்டியின் விளிம்பைப் பிடித்து மெதுவாக மேலே தூக்கினாள். செடியும் கூட வந்துவிடப்போகிறது என்று நான் பதறினேன். செடி வரவில்லை. தொட்டி மட்டும் தழையைத் தாண்டி, கையிலிருந்து வளையலைக் கழற்றுவதுபோல், மேலே வந்தது. அதற்கு அடிப்பாகமே இல்லை.

"பொதைக்கறதுக்கு முன்னாடியே அத்தனைக்கும் அடிய அறுத்துட்டேனுங்ண்ணா. அவரோட பட்டறை பிளேடுலதான் அறுத்தேன்."

"உனக்கு எப்பத் தெரிஞ்சுது?"

"ராசிபுரத்துல இருந்து வந்து மாடியேறுன அன்னிக்கே. கல்யாணமான நாள்ல இருந்து தின்னர் வாசத்தோட குடும்பம் பண்றேன், வார்னிஷ் வாசம் தெரியாதுங்களா?" அவள் கையிலிருந்த வளையத்தைத் திருப்பிக் காட்டினாள். விளிம்பில் சிவப்பில் ஒரு சின்னப் பூ இருந்தது, லாரியின் பின்கதவில் போடுவார்களே அதே பூ. "முட்டை அட்டையில தானா பூப் பூக்குமாங்ண்ணா? நீங்க அத நம்புனீங்களா?"

நான் பேச்சை மாற்றினேன்.

"அப்ப மைதாப் பசைன்னு வீடியோ போட்டது?"

"அவரும் அந்தக் குரூப்புல இருக்கறாருங்க. எல்லாத்தையும் பாப்பாரு, ஒண்ணும் போட மாட்டாரு."

"அவர்கிட்டயே சொல்லியிருக்கலாமே. அடிய அறுத்துட்டேன்னு."

ரஞ்சிதா வளையத்தில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினாள். பிறகு சொன்னாள். போன வாரம் அர்த்தநாரி டேப் எடுத்துக்கொண்டு ஷெட்டுக்கு அளவெடுக்க வந்திருக்கிறார். பாத்திக்குள் கால் வைக்கப் போனவரைச் சின்னராஜ் போய் மறித்திருக்கிறார்.

"'தை வரைக்கும் பொறுங்கண்ணா. இது நல்லா வரும். எனக்குத் தெரியும்'னு சொன்னாருங்க. அவங்கண்ணங்கிட்ட நின்னு பேசி நான் பாத்ததே இல்ல. எதனால பேசினாரு? தான் அடிச்ச வார்னிஷுதான் இதையெல்லாம் நிக்க வெச்சிருக்குதுன்னு நெனைக்கறாரு. பாதிச் செடி அவரோடதுன்னு நெனைக்கறாரு. காத்தால எந்திரிச்சதும் மொதல்ல இங்கதான் வந்து நிக்கறாரு." குரல் இறங்கியது. "அடிய அறுத்துட்டேன்னு தெரிஞ்சா மறுபடியும் நகத்தச் சொரண்டிக்கிட்டு உக்காந்துக்குவாரு. அப்பறம் கேரட்டு நேரா வந்தாலுஞ்சரி கோணலா வந்தாலுஞ்சரி, பெரியவரு தூண நட்டுருவாரு. என்னால தனியாப் பேசி நிறுத்த முடியாதுங்ண்ணா."

"நேரா வருமா?"

"தெரியலைங்ண்ணா. பிடுங்கிப் பாத்தாத்தான் தெரியும். பிடுங்கிட்டா அப்பறம் அது வளராதல்ல."

வளையத்தை மறுபடி தழைக்கு மேலாக இறக்கி மண்ணைத் தள்ளி மூடினாள். பூ வீட்டுப் பக்கம் தெரியும்படி திருப்பி வைத்தாள். பின்வாசலில் நின்று பார்த்தால் அது கண்ணில் படும். இதில் கிண்டல் செய்ய என்னிடம் ஒன்றும் இல்லை.

ஆறாம் பகுதியில் முடிக்காமல் விட்ட வாக்கியத்தையும் அவளிடம் காட்டினேன். எப்படி முடிப்பது என்று கேட்டேன். "எதுக்கு முடிக்கறீங்க? அந்த மனுசன் அப்பிடித்தான்" என்றாள்.

10

எனக்கு இப்போது தொல்லை இரட்டிப்பாகிவிட்டது. வார்னிஷ் அடித்ததை ரஞ்சிதாவிடம் சொல்லாதே என்கிறார் சின்னராஜ். அறுத்ததைச் சின்னராஜிடம் சொல்லாதே என்கிறாள் ரஞ்சிதா. இருவருக்கும் நடுவில், அச்சுக்கு அனுப்ப ஒரு கதையோடு நான்.

"அப்ப இதை எழுத வேண்டாங்கறியா?" என்று கிளம்பும்போது கேட்டேன்.

"எழுதுங்ண்ணா. கஷ்டப்பட்டு எழுதியிருக்கறீங்க, பாவம். அவரு புஸ்தகமெல்லாம் படிக்க மாட்டாரு. படிக்கறவங்க போயிச் சொல்லாம இருந்தாப் போதும்."

ஆசிரியருக்கு அனுப்பினேன். முடிவு எங்கே சார் என்று கேட்டார். கேரட் இன்னும் மண்ணுக்குள் இருக்கிறது என்றேன். அதுவரை சிறப்பிதழ் காத்திருக்காது என்றார். அப்படியானால் முடிவு வாசகர்களிடம் இருக்கிறது என்றேன். அவருக்குப் புதுமையாகப் பட்டிருக்க வேண்டும், ஒத்துக்கொண்டார். நான் புதுமைக்காகச் சொல்லவில்லை. உண்மையாகவே உங்களிடம்தான் இருக்கிறது.

நீங்கள் லாரி வைத்திருப்பவராக இருக்கலாம். லாரி வைத்திருப்பவரின் மைத்துனராக இருக்கலாம். தை பிறப்பதற்கு முன் என்றைக்காவது பாடி கட்ட நாமக்கல் போவீர்கள். அங்கே ஒரு பட்டறையில், உங்கள் வண்டியின் பின்கதவில் சிவப்புப் பூ போட்டுக்கொண்டிருக்கும் ஆள் அதிகம் பேச மாட்டார். ஆனால் டீ வரும் நேரத்தில் பிரஷ்ஷைத் தின்னரில் போட்டுவிட்டு, கையைத் துடைத்து, போனை எடுத்து உங்களிடம் ஒரு படம் காட்டுவார். பச்சைத் தழைகள், மண்ணுக்கு மேலே மினுங்கும் விளிம்புகள்.

"என்ற சம்சாரம் போட்டதுங்க. கேரட்டு. தொட்டிக்கு அடிச்சது நம்ம வார்னிஷு. அவளுக்குத் தெரியாது" என்பார்.

உங்களுக்கு எல்லாம் தெரியும். அவர் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். டீ ஆறிக்கொண்டிருக்கும்.

என்ன சொல்வீர்கள்? சொல்லுங்கள்.